கல்தச்சன் கட்டிய சடங்கும் வேல்ஸ் கவிஞர்களின் நாற்காலியும்

வேல்ஸ் நாட்டில் கவிதைக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த பரிசு ஒரு மரநாற்காலி. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும் தேசிய ஐஸ்டெத்வோட் என்ற கலை, இலக்கியப் போட்டி விழாவில், வெள்ளிக்கிழமை பிற்பகல், அது யாருக்கு என்பது தெரியவரும். எட்டு நாள் விழா. சேர்ந்திசை, தனிப்பாடல், நாடகம், நடனம், ஓவியம், கட்டடக்கலை, அறிவியல் என எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. ஆனாலும் மூன்று பேரின் பெயர்களுக்காகத்தான் நாடு காத்திருக்கும்: திங்களன்று கிரீடம் பெறும் கவிஞர், புதனன்று பதக்கம் பெறும் உரைநடை எழுத்தாளர், வெள்ளியன்று நாற்காலியில் அமரும் கவிஞர். கிரீடம் பெரும்பாலும் புதுக்கவிதைக்கு. நாற்காலி, மரபின் கடுமையான யாப்பில் எழுதப்பட்ட நெடுங்கவிதைக்கு.

போட்டியின் விதி எளிது. தலைப்பை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கவிஞர்கள் புனைபெயரில் அனுப்ப வேண்டும். உண்மைப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். மூன்று நடுவர்கள் படித்து, ஒவ்வொரு கவிதை குறித்தும் எழுத்தில் கருத்துச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மேடையில் ஒரு நடுவர் அந்தத் தீர்ப்பை நெடுநேரம் வாசிப்பார். பிறகு தலைமைத் துரூயிடு, அதாவது சடங்கை நடத்தும் மூத்த கவிஞர், வென்ற புனைபெயரைச் சொல்லி, "அவர் மட்டும் எழுந்து நிற்கட்டும்" என்பார். எக்காளம் முழங்கும். இருட்டில் ஆயிரக்கணக்கானோர் நடுவே விளக்கொளி அலையும். எங்கோ ஒரு வரிசையில் ஒருவர் எழுந்து நிற்பார். அவரைத் தெரிந்தவர்களுக்கேகூட அந்தக் கணம் வரை விஷயம் தெரிந்திருக்காது. அங்கி அணிவித்து மேடைக்கு அழைத்து வருவார்கள். அவர் தலைக்கு மேல் பெரிய வாள் ஒன்றைப் பாதி உருவி, "அமைதி நிலவுகிறதா?" என்று மூன்று முறை கேட்பார்கள். மூன்று முறையும் கூட்டம் "அமைதி" என்று முழங்கும். வாள் ஒருபோதும் முழுதாக உறையை விட்டு வெளியே வருவதில்லை.

பச்சை, நீலம், வெள்ளை அங்கிகள், கல் வட்டம், எக்காளம், வாள் எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று நினைப்பார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது அது. உண்மையில் அந்தச் சடங்கு ஒரு தனி மனிதரின் கற்பனை. இன்னும் நேராகச் சொன்னால், மோசடி. அது மோசடி என்று மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியும், பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கும் தெரியும். வேல்ஸின் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதை தெரியும். அப்படியிருந்தும் இந்த விழா ஏன் வெறும் வேடிக்கையாகிவிடவில்லை? சடங்கைப் பார்த்தால் விடை கிடைக்காது, போட்டியின் விதிகளைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் மெய்யான பழமை. 1176 கிறிஸ்துமஸ் காலத்தில், தென்மேற்கு வேல்ஸில் உள்ள கார்டிகன் கோட்டையில், ரீஸ் அப் கிரிஃபித் என்ற சிற்றரசர் புலவர்களுக்கும் இசைவாணர்களுக்கும் போட்டி நடத்தினார். ஓராண்டுக்கு முன்பே வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் அறிவிப்புப் போனதாக அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. பரிசு இரண்டு நாற்காலிகள். கவிதையில் வடக்கே குவினெத் நாட்டுப் புலவர்கள் வென்றார்கள். இசையில் ரீஸின் சொந்த அவையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வென்றார். அரசர் நடத்திய போட்டியில் அரசவைக்காரருக்கே பரிசு போனது பற்றி அன்று யாரும் முணுமுணுத்தார்களா என்பதை அந்தக் குறிப்பு பதிவு செய்யவில்லை.

அதன்பின் 1451ஐ ஒட்டி கார்மார்தென் நகரில் கூடிய கூட்டத்தில் தவித் அப் எட்மண்ட் என்ற புலவர் யாப்பு வகைகள் இருபத்துநான்கையும் சீரமைத்து, மேலும் கடினமாக்கினார். 16ஆம் நூற்றாண்டில் கைர்விஸ் என்ற சிற்றூரில் இருமுறை கூடியபோது நோக்கம் வேறு. யார் உண்மையான புலவர், யார் புலவர் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகச் சோறு தேடி அலைபவர் என்று பிரித்து உரிமம் தருவதுதான் அங்கே நடந்த வேலை. இரண்டாவது கூட்டத்துக்கு முதலாம் எலிசபெத் அரசியின் ஆணையே இருந்தது. அதற்குள் வேல்ஸ் சட்டப்படி இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டு, நீதிமன்ற மொழி ஆங்கிலமாகிவிட்டது. புலவர்களைப் போற்றிய பெருங்குடும்பங்கள் லண்டன் பக்கம் முகம் திருப்பின. புரவலர் போனபின் புலமை மெலிந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஐஸ்டெத்வோட் என்பது மதுக்கடை ஒன்றில் நாலைந்து உள்ளூர்க் கவிஞர்கள் பஞ்சாங்கத்தில் வந்த அறிவிப்பைப் பார்த்துக் கூடிப் பாடும் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அதை மீட்டவர்கள் லண்டனில் பிழைத்த வேல்ஸ்காரர்கள். குவினெதிகியோன் என்ற அவர்களது சங்கம் 1789இல் கார்வென், பாலா ஆகிய ஊர்களில் நடந்த போட்டிகளுக்கு ஆதரவு தந்தது. தலைப்பை முன்னதாக அறிவிப்பது, புனைபெயரில் அனுப்புவது, நடுவர் எழுத்தில் தீர்ப்புத் தருவது என்ற முறைகள் அப்போதுதான் வேரூன்றின. இன்று நாற்காலியைத் தீர்மானிக்கும் இயந்திரம் இதுவே. மூன்றே ஆண்டுகள் கழித்து, அதே லண்டனில், அதே வட்டத்தைச் சேர்ந்த இன்னொருவர் அங்கிக்கும் கல் வட்டத்துக்கும் விதை போட்டார்.

அவர் பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ். தொழில் கல்தச்சு. தெற்கு வேல்ஸின் கிளமோர்கன் பகுதியில் 1747இல் பிறந்தவர். யோலோ மோர்கானுக் என்று தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரில்தான் வரலாறு அவரை அறியும். வேல்ஸின் மொழியான வெல்ஷில் உள்ள இலக்கியச் சுவடிகளை அவர் அளவுக்குத் தேடி அலைந்து படித்தவர்கள் அக்காலத்தில் மிகக் குறைவு. லாடனம் என்ற அபினிக் கரைசலைப் பல ஆண்டுகள் விடாமல் குடித்தவர். அடிமை முறையின் கடும் எதிர்ப்பாளர். கௌபிரிட்ஜ் ஊரில் அவர் நடத்திய கடையில், அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரீபியச் சர்க்கரையை விற்க மறுத்து, இந்தியாவிலிருந்து வந்த சர்க்கரையை விற்றார். இத்தனைக்கும் மேலாக, அவர் தேர்ந்த கள்ள எழுத்தாளர். 14ஆம் நூற்றாண்டின் மாபெரும் வெல்ஷ் கவிஞர் தவித் அப் குவிலிமின் பாடல்கள் 1789இல் முதன்முதலாக அச்சேறியபோது, தாமே எழுதிய பாடல்களை "புதிதாகக் கிடைத்தவை" என்று அனுப்பி, பின்னிணைப்பில் சேர்க்க வைத்தார். நூறாண்டுக்கும் மேலாகப் பல ரசிகர்கள் அந்தப் பின்னிணைப்புப் பாடல்களைத்தான் தவித்தின் சிறந்த பாடல்கள் என்று கொண்டாடினார்கள். மோசடிக்காரர் என்று அவரைத் தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம். திறமையில்லாதவன் செய்த போலி அத்தனை காலம் நிற்காது.

ஏன் செய்தார்? வெல்ஷ் மரபின் காவலர்கள் தாங்களே என்று வடக்கு வேல்ஸ்காரர்கள் பெருமையடித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. தம் கிளமோர்கனில்தான் துரூயிடுகள் என்ற பண்டைய பூசாரிகளின் மறைஞானம் வழிவழியாகக் காக்கப்பட்டது என்று நிறுவ விரும்பினார். ஆதாரம் இல்லாத இடத்தில் ஆதாரத்தை உண்டாக்கினார். துரூயிடுகளுக்கென ஒரு எழுத்து வடிவத்தையே படைத்தார். 1792 ஜூனில், பகல் மிக நீண்டிருக்கும் நாட்களை ஒட்டி, லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் சில நண்பர்களோடு சிறு கற்களை வட்டமாக வைத்து, கோர்செத் என்ற புலவர் அவையைக் கூட்டினார். 1819இல் கார்மார்தெனில் நடந்த ஐஸ்டெத்வோட்டின் முடிவில், ஐவி புஷ் விடுதித் தோட்டத்தில் அதே சடங்கை நடத்தி இரண்டையும் முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. இன்று நாம் பார்க்கும் பளபளப்பான அங்கிகள் அவருக்கும் பின்னால், 1890களில், ஹூபர்ட் வான் ஹெர்கோமர் என்ற ஓவியர் வடிவமைத்தவை.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் கற்பனை வளரத் தோதான மண் இருந்தது. 1847இல் பிரிட்டிஷ் அரசு வேல்ஸின் பள்ளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. வெல்ஷ் மொழி தெரியாத மூன்று ஆங்கில அதிகாரிகள் தயாரித்தது. பள்ளிகள் மோசம் என்று சொன்னதோடு நிற்காமல், மக்களின் ஒழுக்கக்கேட்டுக்கும் பின்தங்கிய நிலைக்கும் அவர்களது மொழியையும் காரணமாகக் காட்டியது. நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை வேல்ஸ் மக்கள் இன்றும் "நீலப் புத்தகங்களின் துரோகம்" என்றுதான் நினைவுகூர்கிறார்கள். அவமானத்துக்கு இரண்டு விதமாக எதிர்வினை எழுந்தது. ஒரு சாரார் பழம்பெருமையைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள், நாங்களும் நாகரிகமானவர்கள்தான் என்று ஆங்கிலேயருக்கு நிரூபிக்கப் புறப்பட்டார்கள். ஐஸ்டெத்வோட் இரண்டுக்கும் மேடையானது.

பழம்பெருமைக்கு 1858இல் லாங்கொத்லென் ஊரில் நடந்தது நல்ல சான்று. மதோக் என்ற வெல்ஷ் இளவரசன் 12ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்ற கதை பரவலாக நம்பப்பட்ட காலம். அதைப் பற்றிய கட்டுரைக்குப் பரிசு அறிவித்தார்கள். மெர்த்தர் டிட்வில் நகரின் மருந்துக்கடைக்காரரும் அறிஞருமான தாமஸ் ஸ்டீவன்ஸ் அனுப்பிய கட்டுரைதான் மிகச் சிறந்தது. ஆனால் அது மதோக் அமெரிக்காவுக்குப் போகவே இல்லை என்று ஆதாரங்களோடு நிறுவியது. "கண்டுபிடித்ததைப் பற்றித்தானே எழுதச் சொன்னோம், கண்டுபிடிக்காததைப் பற்றி அல்லவே" என்ற ரீதியில் அமைப்பாளர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். அவர் மேடையேறி எதிர்ப்புச் சொல்ல முயன்றபோது, குரலை அமுக்க இசைக்குழுவை வாசிக்கச் சொன்னார்கள். கூட்டமோ அவர் பேசட்டும் என்று சத்தம் போட்டது, பேசினார். ஐஸ்டெத்வோட் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதுதான். அமைப்பாளர்களுக்குக் கதை வேண்டியிருந்தது, கூட்டத்துக்கு நியாயம் வேண்டியிருந்தது.

இரண்டாவது போக்கு இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். 1861இல் அபர்டேரில் தேசிய அளவிலான முதல் ஐஸ்டெத்வோட் நடந்தது. அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் விழா மேடையில் ஆங்கிலம் தாராளமாகப் புழங்கியது. சமூக அறிவியல் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, முன்னேற்றம் பற்றிய சொற்பொழிவுகளை ஆங்கிலத்தில் நடத்தினார்கள். அப்படியும் மதிப்புக் கிடைக்கவில்லை. ஆங்கில விமர்சகர் மேத்யூ ஆர்னால்ட் வெல்ஷ், ஐரிஷ் முதலிய கெல்டிக் மொழிகளின் இலக்கியத்தை வாயாரப் புகழ்ந்தார். ஆனால் அன்றாட மொழியாக வெல்ஷ் எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவு நல்லது என்றும் எழுதினார். அந்தப் பாராட்டைக்கூடப் பொறுக்க முடியாமல், 1866இல் லண்டன் டைம்ஸ் நாளிதழ் வெல்ஷ் மொழியே வேல்ஸின் சாபக்கேடு என்று தலையங்கம் எழுதியது.

விழாவைக் கவிதையின் பக்கம் திருப்பியவர்கள் பல்கலைக்கழக அறிஞர்கள். அவர்களில் முதன்மையானவர் பாங்கர் கல்லூரிப் பேராசிரியர் ஜான் மோரிஸ்-ஜோன்ஸ். கோர்செத்தின் பழமை வெறும் புனைவு என்று 1896இல் அவர் அச்சிலேயே எழுதினார். பிறகு விழாவை விட்டு விலகிப் போகாமல், நடுவர் நாற்காலியில் வந்து அமர்ந்தார். மேடையில் நின்று இலக்கணப் பிழைகளை வரிசையாகச் சொல்லி, வீங்கிப் போன சொல்லலங்காரத்தைக் கிழித்து, செவ்வியல் யாப்பின் தரத்தை ஆண்டுக்காண்டு ஏற்றினார். 1902இல் டி. க்வின் ஜோன்ஸ் என்ற பத்திரிகையாளரின் ஆர்தர் மன்னன் பற்றிய நெடுங்கவிதைக்கு நாற்காலி கிடைத்ததை நவீன வெல்ஷ் கவிதையின் தொடக்கமாகவே பலர் கருதுகிறார்கள். யோலோவின் கள்ளப் பாடல்களை 1920களில் ஜி. ஜே. வில்லியம்ஸ் என்ற அறிஞர் சுவடி சுவடியாக ஒப்பிட்டு அம்பலப்படுத்தியபோது, கோர்செத் கொஞ்சம் நெளிந்தது, அவ்வளவுதான். கவிதையைத் தீர்மானித்தது கோர்செத் அல்ல என்பதால் விழாவுக்குச் சேதம் இல்லை.

இங்கே அந்த யாப்பைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கங்ஹானெத் என்பது அதன் பெயர். நான்கு வகை உண்டு. கடினமான வகையில், ஒரு வரியின் முதல் பாதியில் வரும் மெய்யொலிகள் அத்தனையும் இரண்டாம் பாதியில் அதே வரிசையில் திரும்ப வர வேண்டும். உயிரொலிகள் மட்டும் மாறலாம். ஒலியமைப்பைக் காட்டுவதற்காகத் தமிழில் ஒரு துண்டு கட்டிப் பார்த்தால், "மலை நாடு, மாலை நீடு" என்று வரும்: ம், ல், ந், ட், மறுபடியும் ம், ல், ந், ட். மோனையையும் எதுகையையும் போல ஓரிரு எழுத்தில் முடிகிற பொருத்தம் இல்லை. வரி முழுக்க மெய்கள் எதிரொலிக்க வேண்டும், அழுத்தம் விழும் இடங்களும் ஒத்துப்போக வேண்டும். மற்ற வகைகளில் வரிக்குள் அமையும் இயைபுத் தொடைகளும் கலக்கும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு இதைச் செய்துகொண்டே, பொருளும் சிதையாமல், செயற்கையும் தட்டாமல் எழுத வேண்டும். உழவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், பாதிரியார்கள் என்று பலரும் மாலை வகுப்புகளில் இதைக் கற்று எழுதி வந்தார்கள். இப்போதும் பிபிசியின் வெல்ஷ் மொழி வானொலியில் ஊர் அணிகள் இந்த யாப்பில் மோதிக்கொள்ளும் நிகழ்ச்சி ஒலிபரப்பாகிறது.

அப்படிக் கற்ற ஓர் உழவர் எல்லிஸ் எவன்ஸ். வடக்கு வேல்ஸின் திரவ்ஸ்வினித் ஊரை ஒட்டிய அர் அஸ்கூர்ன் பண்ணையின் மூத்த மகன். ஆடு மேய்த்துக்கொண்டே பாட்டுக் கட்டியவர். ஹெத் வின் என்பது அவரது கவிப்பெயர். உள்ளூர்ப் போட்டிகளில் பல நாற்காலிகளை வென்றிருந்தார். 1916 தேசிய விழாவில் இரண்டாம் இடம். மறு ஆண்டு முதல் உலகப் போரின் கட்டாயப் படைச் சேர்க்கை பண்ணையின் வாசலுக்கு வந்தது. தம்பி போக நேரிடாமல் இருக்கத் தாமே சேர்ந்தார். 1917 போட்டிக்கான "நாயகன்" என்ற கவிதையைப் பயிற்சி முகாமில் தொடர்ந்து எழுதி, பிரான்ஸிலிருந்து ஜூலை நடுவில் அஞ்சலில் சேர்த்தார். ஜூலை 31 அன்று, பாஷண்டேல் போரின் முதல் நாளில், பெல்ஜியத்தின் பில்கெம் மேட்டில் குண்டடிபட்டு இறந்தார். வயது 30. அதே நாளில் அதே போர்முனையில் அயர்லாந்துக் கவிஞர் பிரான்சிஸ் லெட்விஜும் கொல்லப்பட்டார்; இருவரும் ஒரே இடுகாட்டில் கிடக்கிறார்கள்.

செப்டம்பர் 6. விழா நடந்த இடம் இங்கிலாந்து எல்லைக்குள், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட். அந்தப் பகுதியில் வேல்ஸ்காரர்கள் அத்தனை பேர் வாழ்ந்தார்கள். வேல்ஸ் வழிவந்த பிரதமர் லாயிட் ஜார்ஜ் மேடையில் இருந்தார். நடுவர் தீர்ப்பை வாசித்து முடித்தார். வென்ற புனைபெயர் அறிவிக்கப்பட்டது. எக்காளம் ஊதினார்கள். யாரும் எழவில்லை. மறுபடியும் ஊதினார்கள். பிறகு தலைமைத் துரூயிடு, வென்றவர் போரில் விழுந்துவிட்டார் என்று அறிவித்தார். வெற்று நாற்காலி மீது கறுப்புத் துணி போர்த்தப்பட்டது. அந்த நாற்காலியைச் செதுக்கியவர் யூஜின் வான்ஃப்லெட்டரன். ஜெர்மானியப் படையெடுப்பிலிருந்து தப்பி பர்க்கன்ஹெட்டுக்கு வந்த பெல்ஜிய அகதி. அவரது நாட்டு மண்ணில்தான் அதில் அமர வேண்டியவர் புதைக்கப்பட்டிருந்தார். வாளைப் பாதி உருவி "அமைதி நிலவுகிறதா" என்று கேட்கும் யோலோவின் கற்பனைச் சடங்குக்கு அந்தப் பிற்பகலில் கிடைத்த கனத்தை எந்தச் சுவடி ஆராய்ச்சியாலும் பறிக்க முடியவில்லை. அந்தப் பண்ணை வீட்டைத் தேசியப் பூங்கா நிர்வாகம் 2012இல் வாங்கி அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. கறுப்பு நாற்காலியை அங்கே காணலாம்.

விழா மேடையில் வெல்ஷ் மொழி மட்டும் என்ற விதி இவற்றுக்கெல்லாம் பிந்தியது. 1937இல் தான் விழாவின் அமைப்பு விதிகளில் வெல்ஷ் மொழியே விழாவின் மொழி என்று எழுதப்பட்டது. 1950இல் கர்ஃபிலியில் நடந்த விழாவிலிருந்து கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. ஏன் அப்போது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் போதும். 1901இல் வேல்ஸில் ஏறத்தாழ பாதிப்பேர் வெல்ஷ் பேசினார்கள். நூற்றாண்டின் நடுவில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. மொழி தானாக வாழ்ந்த காலத்தில் விழா ஆங்கிலத்துக்குக் கதவு திறந்தது. மொழி சரியத் தொடங்கியதும் கதவை அடைத்தது. வெளியூர்க்காரர்களுக்குக் காதில் மாட்டும் கருவி வழியாக உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. மேடை மட்டும் வெல்ஷ். அடுத்த பத்தாண்டுகளில் எழுந்த மொழிப் போராட்டங்களுக்கும், 1967, 1993 மொழிச் சட்டங்களுக்கும், 1982இல் தொடங்கிய எஸ்4சி என்ற வெல்ஷ் மொழித் தொலைக்காட்சிக்கும் பேசிப் பழக ஒரு வார நிலத்தையாவது இந்த விதி தந்தது என்று சொல்லலாம்.

விலையும் உண்டு. வேல்ஸில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய டிலன் தாமஸ் போன்றவர்களுக்கு இந்த மேடையில் போட்டியிட வழியே இல்லை. 2023இல் சேஜ் டாட்ஸ் என்ற இளம் ராப் கலைஞர், தம் பாடல்களில் ஆங்கிலம் கூடுதலாக இருப்பதாக விழாவினர் சொன்னதை அடுத்துத் தாம் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். அவர் வடக்கு வேல்ஸில் வளர்ந்தவர். இரு மொழியும் கலந்து பாடுவது அவர் தலைமுறையின் இயல்பு. விதியை அசைக்க முடியாது என்றது நிர்வாகம். என் சார்பு நிர்வாகத்தின் பக்கமே. ஆண்டில் ஐம்பத்தொரு வாரம் ஆங்கிலத்துக்கு. ஒரு வாரத்தை விட்டுக்கொடுத்தால் அடுத்து விட்டுக்கொடுக்க எதுவும் மிஞ்சாது. ஆனால் அந்த இளைஞருக்கு அந்த வாரத்தில் இடம் இல்லை என்பதும் உண்மை, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

புனைபெயர் முறை நியாயமானதுதான். ஆனாலும் பெண்கள் நாற்காலியில் அமர மிகவும் தாமதமானது. கிரீடத்தை முதலில் வென்ற பெண் டிலிஸ் கட்வாலடர், 1953இல். நாற்காலியை முதலில் வென்ற பெண் மெரெரிட் ஹாப்வுட், 2001இல். யாப்பு கற்பிக்கும் வட்டங்கள் நெடுங்காலம் ஆண்களின் வட்டங்களாகவே இருந்தன. உறைக்குள் பெயரை மறைத்தால் மட்டும் அந்தக் குறை தீராது. 2013இல் கிறிஸ்டின் ஜேம்ஸ் முதல் பெண் தலைமைத் துரூயிடு ஆனார். 2024 முதல் அந்தப் பொறுப்பில் ஹாப்வுட் இருக்கிறார்.

இந்தியர்களுக்கு ஒரு செய்தி. பரேலியில் பிறந்த வங்காளக் குடும்பத்துப் பெண் டோரதி பானர்ஜி, அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவியாக இருந்தபோது, 1914இல் கல்லூரி ஐஸ்டெத்வோட்டின் நாற்காலியை வென்றார். அது தேசிய விழா அல்ல, கல்லூரி விழா. கவிதையும் ஆங்கிலத்தில் எழுதியது. ஆனால் விதி அதேதான். "ஷீட்டா" என்ற புனைபெயர் அழைக்கப்பட்டதும் அரங்கில் எழுந்து நின்றது ஓர் இந்தியப் பெண் என்பதைக் கண்டு கூட்டம் ஆர்ப்பரித்தது. வெளிநாட்டவரும் பெண்ணுமான ஒருவர் அங்கே வென்றது அதுவே முதல் முறை.

விதி கண்டிப்பானது என்பதற்கு 1976 கார்டிகன் விழா சாட்சி. நடுவர்கள் தேர்ந்தெடுத்தது, அப்பகுதியின் விவசாயக் கவிஞர் டிக் ஜோன்ஸின் கவிதை. அவர் உள்ளூர் இலக்கியக் குழுவில் உறுப்பினர், தலைப்பு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பது வெளிப்பட்டதும் தகுதி நீக்கினார்கள். நாற்காலி அடுத்த கவிதைக்குரியவரான ஆலன் லுவிடுக்குப் போனது. பெரும் சச்சரவு. காலம் இருவரையும் விட்டுவிடவில்லை: டிக் ஜோன்ஸ் பின்னாளில் தலைமைத் துரூயிடு ஆனார், ஆலன் லுவிட் 2023இல், எழுபத்தைந்து வயதில், மீண்டும் புனைபெயரில் கலந்துகொண்டு வென்றார். எந்தக் கவிதையும் தரத்தை எட்டவில்லை என்றால் நாற்காலியைத் தராமலேயே விடுவதும் உண்டு; 2013இல் அதுதான் நடந்தது. நடுவர்களின் தீர்ப்புகளும் வென்ற படைப்புகளும் சேர்ந்த புத்தகம் வெள்ளிக்கிழமைச் சடங்கு முடிந்த கையோடு மைதானத்தில் விற்பனைக்கு வரும். வரிசையில் நின்று வாங்குவார்கள். தோற்றவர்களின் கவிதைகளுக்குக் கிடைத்த குட்டும் அதில் புனைபெயரோடு அச்சாகியிருக்கும்.

வேல்ஸின் மற்ற விழாக்களை இதனோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஈர்த் ஐஸ்டெத்வோட் 1929இல் தொடங்கிய பிள்ளைகளுக்கான விழா. நாளைய போட்டியாளர்கள் அங்கேதான் முளைக்கிறார்கள். லாங்கொத்லெனில் 1947இல் தொடங்கிய சர்வதேச இசை ஐஸ்டெத்வோட் போரில் பிளவுபட்ட ஐரோப்பாவைப் பாட்டால் கூட்டியது; 1955இல் இத்தாலியின் மோடெனா நகரப் பாடகர் குழுவில் தந்தையோடு வந்து பாடிப் பரிசு பெற்றவர்களில் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகரான இளைஞர் பவரோட்டியும் ஒருவர். சுரங்கத் தொழிலாளர்களுக்கும் தனி ஐஸ்டெத்வோட் இருந்தது. கடவுச்சீட்டை அமெரிக்க அரசு முடக்கி வைத்திருந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன், 1957இல் அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் போர்த்கால் அரங்கில் கூடியிருந்த தொழிலாளர்களுக்குப் பாடினார்; மறு ஆண்டு தேசிய விழாவுக்கு நேரிலேயே வந்தார். 1988இல் தொடங்கிய ஹே இலக்கிய விழாதான் உலகுக்கு அதிகம் தெரிந்தது. எல்லையோரப் புத்தகக்கடை ஊரில், ஆங்கிலத்தில், புகழ்பெற்றவர்கள் பேசுவதைக் கேட்கும் விழா அது. அங்கே யாரும் யாரையும் தீர்ப்பிடுவதில்லை.

தேசிய ஐஸ்டெத்வோட்டுக்கு நிலையான இடம் கிடையாது. ஓராண்டு வடக்கே, மறு ஆண்டு தெற்கே. விழா வரப்போகும் வட்டாரத்தில் குழுக்கள் அமைத்து, நிதி திரட்டி, பாடகர் குழுக்களைப் பழக்குவார்கள். செலவு கடுமை, மழை பெய்தால் மைதானம் சேறு, ஓரிடத்தில் நிரந்தரமாக நடத்தலாமே என்ற குரல் அவ்வப்போது எழுந்து அடங்கும். 2018இல் கார்டிஃப் விரிகுடாவில் வேலியே போடாமல் நடத்திப் பார்த்தார்கள். 2024இல் பான்டிப்ரித் நகரப் பூங்காவுக்குப் போனார்கள். நாட்டுப்பண் பிறந்த ஊர் அது. ஆனால் தெருவில் கேட்பது பெரும்பாலும் ஆங்கிலம். உள்ளூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இலவச டிக்கெட் கொடுத்து, மொழியைத் தொலைத்த வீடுகளின் வாசலுக்கே விழாவைக் கொண்டுபோனார்கள். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் 5,38,300 பேர், 17.8 சதவீதம், பத்தாண்டுகளுக்கு முன்பு 5,62,000. 2050க்குள் பத்து லட்சமாக்குவது வேல்ஸ் அரசின் இலக்கு. கவிதைப் போட்டி நடத்தி அந்த எண்ணிக்கையை ஏற்றிவிட முடியாது. அடுத்த ஆண்டு விழா வரப்போகிறது என்பதற்காக மொழி வகுப்பில் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

2026 விழாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பெம்ப்ரோக்‌ஷரின் வடக்கே உள்ள லான்டுட். கார்டிகன் கோட்டைக்குச் சில மைல் தொலைவு; ரீஸ் நடத்திய போட்டிக்கு 850 ஆண்டு நிறைவு. வழக்கப்படி கோர்செத் வட்டத்தின் கற்களும் அங்கே வர வேண்டும். முன்பெல்லாம் விழா நடக்கும் ஊர்தோறும் உண்மையான பெருங்கற்களை நட்டுவிட்டுப் போவார்கள். இருபது ஆண்டுகளாகக் கண்ணாடியிழையில் செய்த கற்களை லாரியில் ஏற்றி வந்து, விழா முடிந்ததும் திரும்ப எடுத்துப் போகிறார்கள். 1176இல் கார்டிகனில் கல் வட்டம் எதுவும் இருந்ததில்லை. இரண்டு நாற்காலிகள் இருந்தன.